கூடத்தில் ஆறடி இடம்

உடலோம்பல் செல்வர்தம் பொழுதுபோக்கன்று. உழைத்துண்ணும் ஒவ்வொருவர்க்கும் உரிய கடமை. 2020 மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றால் ஊரடங்கு வந்தது. உடற்பயிற்சிக் கூடங்கள் மூடப்பட்டன. பயிற்றுநர் இணையவழியே இல்லங்களுக்குள் வந்தனர். ஊரடங்கு நீங்கியும் அவ்வழக்கம் நீங்கவில்லை. நன்றே! ஆயினும், விலையுயர்ந்த கருவிகளை வாங்கியதும் ஆயத்தம் முடிந்தது என்று கருதுவோர் உளர். அது பிழை.

நேர்ப்பயிற்சியில் பயிற்றுநர் அருகில் நின்று வளைந்த முதுகை நிமிர்த்துவார். திரைக்கு அப்பாலிருப்பவர்க்கோ கண் உண்டு, கை இல்லை. அக்கையின் வேலையைப் பயில்வோரின் ஆயத்தமே செய்தல் வேண்டும். கைகளை விரித்துச் சுழன்றாலும் சுவரில் படாத இடம், வழுக்காத விரிப்பு, கால் இடறும் மின்கம்பி கிடவாத தரை, முழுவுடலும் தெரியுமாறு தொலைவில் நிறுத்திய கைப்பேசி, முன்னிருந்து விழும் ஒளி, அருகே குடிநீர். இவை போதும். எடைக்கருவி இல்லையேல் நீர் நிறைத்த குப்பிகள் உதவும். நெஞ்சுநோயும் குருதிக் கொதிப்பும் நீரிழிவும் உடையோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்குக. வயிறு நிறைய உண்டவுடன் தொடங்கற்க.

இவை எளியவை. அரியது வேறொன்று. உலக நலவாழ்வு அமைப்பு 2024-இல் வெளியிட்ட கணக்கைக் காண்க. 2022-இல் போதிய உடலியக்கம் இல்லாதோர், உலகில் ஆடவருள் 29 விழுக்காடு. பெண்டிருள் 34 விழுக்காடு. இந்தியாவிலோ ஆடவருள் 42; பெண்டிருள் 57! இது சோம்பலின் விளைவா? அன்று. பெண்ணுக்கென்று ஒதுக்கிய பொழுதும் இடமும் இல்லங்களில் இல்லாமையும் இதற்குக் கரணியமாம். வீட்டுவேலையே போதிய பயிற்சி என்பர் சிலர். நின்றபடி கறியரிதலும் ஏனம் துலக்கலும் மூச்சு விரையும் இயக்கம் ஆகிவிடுமா?

வளர்ந்தோர்க்குக் கிழமைக்குக் குறைந்தது 150 மணித்துளி மிதமான இயக்கம் வேண்டும் என்கிறது அவ்வமைப்பு. நாளுக்கு அரைமணியாக ஐந்து நாள், அவ்வளவே. அந்த அரைமணியில் "குளம்பி எங்கே?" என்று கணவன் கேளாதிருத்தலும், குழந்தையை மாமியார் ஏந்திக்கொள்ளலும், கூடத்துத் தொலைக்காட்சியை மைந்தன் அணைத்தலுமே மெய்யான ஆயத்தம். விரிப்பைக் கடையில் வாங்கலாம். அரைமணியை வீட்டார்தாம் தரவேண்டும். தாயின் உடல்நலம் குடும்பத்தின் முதற்பொருள் என்று மேடையில் முழங்குவோர், முதலில் தம் வீட்டுக் கூடத்தில் ஆறடி இடம் ஒழித்துத் தருக!