புள்ளியும் படப்புள்ளியும்: எல்லையூர்ச் சுவடிகளை முன்வைத்து

1956 நவம்பர் 1 அன்று அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தமிழர் கோரிக்கையில் இடம்பெற்றிருந்த நெய்யாற்றின்கரை வட்டமோ, பாறசாலை உட்படக் கேரளத்திலேயே தங்கிவிட்டது. அந்த எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்தது, ஓலையைப் பிரிக்கவில்லை. ‘இரவிக்குட்டிப் பிள்ளை போர்’ போன்ற பாடல்கள் கோட்டுக்கு இப்புறம் தமிழ்க் கதைப்பாடல் என்றும், அப்புறம் தெக்கன் பாட்டு என்றும் வகைப்படுத்தப்படுகின்றன. இத்தகைய பனுவல்களில் மொழி பற்றிய விவாதம் சில வேளைகளில் ஓர் ஈற்றெழுத்தில் வந்து நிற்கும். ‘மலை’ என்பதா, ‘மல’ என்பதா? அதைத் தீர்மானிப்பது ஓலையிலுள்ள ஒரு கீறல்.

அக்கீறலை இன்று பெரும்பாலான மாணவர் ஓலையில் காண்பதில்லை, திரையில்தான் காண்கின்றனர். ஆயினும் பிரிதிறன், ஒளியளவு, வெள்ளைச் சமநிலை, இரைச்சல் நீக்கம் முதலிய சொற்கள் படக்கடைக்காரரின் சொற்களாகவே பல்கலைக்கழகங்களில் கருதப்படுகின்றன. இது பிழையான எண்ணம். இவை இன்று பாட ஆய்வின் அடிப்படைச் சொற்கள்.

பிரிதிறனை எடுத்துக்கொள்வோம். 40 செ.மீ. நீளமுள்ள ஓர் ஓலை, 6000 படப்புள்ளி அகலமுள்ள படத்தை முழுதும் நிறைத்தால், ஒரு மில்லிமீட்டருக்கு 15 படப்புள்ளிகள் கிடைக்கும். எழுத்தாணிக் கீறல் 0.2 மி.மீ. எனக் கொண்டால், அது மூன்று படப்புள்ளிகளில் பதிவாகும். அதே படம் கைப்பேசி வழியே பகிரப்படும்போது 1600 படப்புள்ளிகளாகச் சுருங்கினால், கீறலுக்கு ஒரு முழுப் படப்புள்ளிகூட மிஞ்சாது. எழுத்து அங்கே ‘தெரிவது’ போலிருக்கும்; ஆனால் ஐயத்தைத் தீர்க்கும் நுட்பம் போயிருக்கும்.

கோப்பு வகையும் அத்தகையதே. ஜேபெக் முறை படத்தை 8×8 படப்புள்ளிக் கட்டங்களாகப் பகுத்து, கண்ணுக்குப் புலப்படாதெனக் கருதும் நுண்விவரங்களைக் கைவிடுகிறது. திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் இழப்பு கூடுகிறது. ஒரு நிறத்துக்கு அதில் 256 படிநிலைகளே உண்டு. 14 பிட் மூலக்கோப்பில் 16,384. பழுப்பேறிய ஓலையில் மை உதிர்ந்த கீறலை மீட்க இந்த வேறுபாடே உதவும்.

திருத்த மென்பொருளில் இடர் இன்னும் நுட்பமானது. பழைய சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவது அரிது. ஆகவே எங்கேனும் புள்ளி காணப்பட்டால் அது சான்று. இரைச்சல் நீக்கும் கருவியோ அதைத் தூசாகக் கருதித் துடைத்துவிடலாம். மிகையான கூர்மையாக்கல், ஓலையின் நரம்பைக் கீறலாக்கிக் காட்டலாம். வட்டெழுத்தில் பகரமும் வகரமும் ஒன்றையொன்று ஒத்தவை. அங்கே ஒரு பொய்க்கோடு சொல்லையே மாற்றிவிடும். செயற்கை நுண்ணறிவு கொண்டு படத்தைத் ‘தெளிவாக்கும்’ கருவிகள், இல்லாத விவரத்தை ஊகித்து வரைகின்றன. அது வாசிப்பு அன்று, இடைச்செருகல்.

படத்தைத் திருத்தவே கூடாது என்பது இதன் பொருளன்று. ஓலையில் கரி தடவி எழுத்தை எடுப்பித்த முன்னோரும், கல்வெட்டில் மைப்படி எடுத்தோரும் செய்தது வேறுபாட்டை மிகுவிக்கும் பணியே. ஆனால் கரியைத் துடைத்தாலும் கீறல் எஞ்சும். எண்ணிமக் கோப்பில், மூலத்தின்மேல் திருத்தத்தைச் சேமித்துவிட்டால் எஞ்சுவது ஏதுமில்லை.

ஆதலால் சுவடிப் படத்தை ஆதாரமாக்கும் ஆய்வேடு, ஓலை எண்ணைத் தருவதுபோலவே படத்தின் வரலாற்றையும் தரவேண்டும்: மூலக்கோப்பு உள்ளதா, அளவுகோலும் நிற அட்டையும் உடன் படமாக்கப்பட்டனவா, எந்தத் திருத்தம் எவ்வளவு செய்யப்பட்டது என்பன. மூலம் தீண்டப்படாமல் இருக்க, திருத்தங்கள் தனி அடுக்கில் அமையவேண்டும். கட்டணமின்றிக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளே இதற்குப் போதும்.

சுவடியியல் பாடத்திட்டத்தில் இச்சொற்களுக்கு ஓர் அலகு ஒதுக்குவது பெருஞ்செலவன்று. மலையாளவழிப் பள்ளியில் பயின்று, வீட்டில் தமிழ் பேசும் எல்லையூர் மாணவருக்கு இது இருமொழியிலும் கிடைக்கவேண்டும். ஓலை அவர்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. முதற்படத்தை எடுக்கப்போவது அவர்களே. அந்த ஓலை செல்லரித்தபின், அப்படம் ஒன்றே மூலமாக எஞ்சும்.