மழைக்காலத்துக்கு ஒரு பசியாறல்

“நம்ம ஊர்ல ஏதுங்க பருவம்? ஒண்ணு வெயிலு, இல்லேன்னா மழை!” காலை நிகழ்ச்சியில் வானிலையைப் பற்றிப் பேச்செடுத்தாலே நேயர்களில் ஒருவராவது இப்படிச் சொல்லிவிடுவார். குளிர்காலம், இலையுதிர்காலம் எல்லாம் சினிமாவில் பார்ப்பதோடு சரி என்று நாமும் சிரித்துக்கொள்வோம்.

தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், வேறு கதை சொல்வார்கள். ஆண்டின் தொடக்கத்தில், வெயில் காய்கிற பிப்ரவரி, மார்ச் வாக்கில் ரப்பர் மரம் இலையை உதிர்த்துவிடும், பாலும் குறைந்துவிடும். ஆண்டிறுதியில் விடியற்காலை மழை பிடித்துக்கொண்டால் பால்வெட்டு நின்றுபோகும். வெட்டு இல்லாத நாளில் கையில் காசும் இல்லை. நமக்கு மழை என்றால் சாலை நெரிசல். அவர்களுக்கோ அடுப்பில் என்ன வேகும் என்பதையே மழைதான் முடிவு செய்தது.

பழ மரங்களுக்கும் பருவம் நன்றாகவே தெரியும். டுரியானும் மங்குஸ்தீனும் சில வாரம் வெயில் காய்ந்த பிறகுதான் பூ எடுக்கும். டுரியான் பூ பழமாக மூன்று, நான்கு மாதம் ஆகும். அதனால்தான் பல ஊர்களில் ஜூன், ஜூலையில் சாலையோரக் கடைகள் நிரம்பி வழிகின்றன. அக்டோபரில் மாலை இடி மின்னல். நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. கிளந்தான், திரெங்கானு மக்களுக்கு அது வெள்ளத்துக்குத் தயாராகும் காலம். பருவமழை வந்தால் சாமான்களை மேலே தூக்கி வைக்கிற வீடுகள் அங்கே எத்தனையோ.

இவ்வளவும் மாறும்போது, மாறாத ஒன்று நம் பசியாறல். ஆண்டு முழுவதும் அதே ரொட்டி சானாய், அதே நாசி லெமாக் பொட்டலம், காரிலேயே கடிக்கிற ரொட்டித் துண்டு. குற்றம் சொல்லவில்லை, எனக்கும் பிடித்தவைதான். ஆனால் மழை கொட்டும் ஒரு விடுமுறை நாள் காலையில் வெளியே ஓடத் தேவையில்லை. அன்றைக்காவது அடுப்படி பருவத்தோடு சேர்ந்து மாறலாமே. சூடாக, வயிற்றுக்கு இலேசாக, எண்ணெய்ச் சட்டி ஏற்றாமல் செய்கிற ஒன்றைச் சொல்கிறேன். நான்கு பேருக்குப் போதும்.

தேவையானவை: தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த பெராங்கான் வாழைப்பழம் 4, பொடியாக நறுக்கிய அன்னாசி ஒன்றரைக் கப், லீமாவ் கஸ்தூரி 2, ஏலக்காய்த் தூள் கால் தேக்கரண்டி. மேலே தூவ ஓட்ஸ் 1 கப், தேங்காய்த் துருவல் 3 மேசைக்கரண்டி, சீவிய குலா மெலாக்கா 1 மேசைக்கரண்டி, உருக்கிய நெய் ஒன்றரை மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு.

ஓவனை 180 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்குங்கள். ஓவனுக்கு ஏற்ற பாத்திரத்தின் அடியில் அன்னாசியைப் பரப்புங்கள். அதன் சாறுதான் எல்லாவற்றையும் வேகவைக்கும், தண்ணீர் வேண்டாம். மேலே வாழைப்பழத்தைத் தடித்த வில்லைகளாக அடுக்கி, எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து, ஏலக்காய் தூவுங்கள். ஓட்ஸ் கலவையைக் கையால் பிசிறி மேலே பரப்பி, 25 நிமிடம் வையுங்கள். மேற்பரப்பு பொன்னிறமாகி, ஓரத்தில் சாறு கொதித்தால் பதம் சரி. ஓட்ஸ் கலவையை முந்திய இரவே பிசிறிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் காலையில் வேலை பாதிதான்.

இதற்குத் துணை, சர்க்கரை சேர்க்காத தயிர். பச்சை அன்னாசியைத் தயிரில் போட்டுவைத்தால் சிறிது நேரத்தில் கசக்கும்; அதிலுள்ள புரொமிலைன் என்ற நொதி பாலின் புரதத்தைச் சிதைப்பதே காரணம். சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடுவதால், வெந்த அன்னாசியோடு தயிர் கசக்காது.

வீட்டில் நீரிழிவு உள்ளவர் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். வாழைப்பழம் கனியக் கனிய அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. சுட்டாலும் அது குறையாது. அவர்கள் பங்குக்குக் குலா மெலாக்கா இல்லாமல் ஓர் ஓரத்தைத் தனியே ஒதுக்குங்கள். சிறு கிண்ணம் போதும், கூடவே அவித்த முட்டை ஒன்று. அப்பாவுக்கு மட்டும் வெறும் பிஸ்கட் என்று தள்ளி உட்கார வைப்பதைவிட, எல்லோரும் ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

ஓவனுக்குள் போனபின் அந்த 25 நிமிடமும் கிளற வேண்டாம், பக்கத்தில் நிற்க வேண்டாம். வெளியே மழை, உள்ளே ஏலக்காய் வாசம். அந்த நேரத்தில் கைத்தொலைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு, வீட்டுப் பெரியவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “பாட்டி, தோட்டத்துல மழை பெஞ்சா காலையில என்ன பசியாறுவீங்க?”

அவித்த மரவள்ளிக்கிழங்கிலிருந்து கதை தொடங்கலாம். எங்கே போய் முடியும் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு. கேட்டதை எனக்கும் எழுதி அனுப்புங்கள். இன்னும் சில மாதம் மழை இருக்கிறது.