ஓட்டாதவர்கள் எழுதிய தீர்ப்பு

நானோ கார் ஏன் தோற்றது என்று யாரைக் கேட்டாலும் ஒரு பதில் தயாராக இருக்கிறது. "மலிவான கார் என்று தண்டோரா போட்டார்கள். அதை வாங்கினால் கௌரவம் போய்விடும் என்று ஜனங்கள் ஒதுங்கிவிட்டார்கள்." ரத்தன் டாடாவே பின்னாளில் ஏறக்குறைய இதே பொருளில் பேசியிருக்கிறார். கார் என்றால் நாலு சக்கரம் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாதவர்களும் இதை வேதவாக்காக ஒப்பிக்கிறார்கள்.

நான் அந்தக் காரை ஏழு வருஷம் ஓட்டியவன். இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. விளம்பரத்தின் தலையில் பழியைப் போட்டுவிட்டால், ஏளனம் செய்த ஊரும் தப்பித்துக்கொள்கிறது, செய்ய வேண்டியதைக் காலத்தில் செய்யாத கம்பெனியும் தப்பித்துக்கொள்கிறது. அதற்குத்தான் இந்தப் பதில் இத்தனை வசதியாக இருக்கிறது.

இளைய வாசகர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. மழையில் நனைந்தபடி ஒரே ஸ்கூட்டரில் போன ஒரு குடும்பத்தைப் பார்த்துத்தான் இந்த எண்ணம் வந்தது என்று ரத்தன் டாடா பலமுறை சொல்லியிருக்கிறார். 2008 ஜனவரியில் டில்லி கண்காட்சியில் காரைக் காட்டினார்கள். விலை ஒரு லட்சம் என்றார்கள். மேற்கு வங்காளத்தின் சிங்கூரில் ஆலை பாதி எழும்பி, நிலத் தகராறில் நின்று, குஜராத்தின் சானந்துக்குப் போனது. (அந்த நிலத்தை எடுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றமே 2016ல் சொல்லிவிட்டது. அந்த விவசாயிகள் பக்கம் நியாயம் இருந்தது. அதைக் காரின் குறையாக எழுத முடியாது.) 2009ல் முன்பதிவு திறந்தபோது இரண்டு லட்சம் பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். குலுக்கல் போட்டு முதல் ஒரு லட்சம் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மலிவு என்ற சொல்லைக் கேட்டு ஜனங்கள் ஓடிப்போனார்கள் என்றால், இந்த இரண்டு லட்சம் பேர் யார்? அவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் வந்தார்கள்! ஆகவே விரட்டியது மலிவு அல்ல. பின்னால் நடந்தவைதான் விரட்டின.

சரி, ஓட்டியவன் என்ன கண்டேன் என்று சொல்கிறேன். ஓய்வு பெற்ற மறு வருஷம் வாங்கினேன். என் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சாதாரணக் காரில் ஏறுவதென்றால் குனிந்து, பள்ளத்தில் உட்காருவது போல உட்கார வேண்டும். இறங்கும்போது யாராவது கை கொடுக்க வேண்டும். நானோவில் இருக்கை உயரம், கூரையும் உயரம். நாற்காலியில் உட்காருவது போல உட்காருவாள், எழுந்திருப்பது போல எழுந்திருப்பாள். ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போய் வந்தோம். "பேரம் பேசாத ஆட்டோ" என்று அவள் அதற்குப் பெயர் வைத்திருந்தாள்.

ஸ்ரீரங்கத்து வீதிகளைத் தெரிந்தவர்களுக்கு அடுத்த விஷயம் புரியும். நீளம் மூன்று மீட்டரும் கொஞ்சமும்தான். நாலு மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும். பெரிய கார்க்காரர்கள் முன்னும் பின்னுமாக ஐந்து தடவை மல்லுக்கட்டும் சந்தில் நான் ஒரே வளைவில் திரும்பி வந்திருக்கிறேன். ஊருக்குள் லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டருக்குக் குறையாமல் கொடுத்தது. தஞ்சாவூர், கும்பகோணம், மதுரை எல்லாம் அதில்தான். பெட்ரோல் பங்கில் மட்டும் ஒவ்வொரு முறையும் வேடிக்கை. பையன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து மூடியைத் தேடுவான். முன் பானெட்டைத் திறந்தால்தான் மூடி தெரியும். எஞ்சின் எங்கே சார் என்பான். பின்னால் என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம்.

ஊர்க்காரர்கள் சிரிப்பு அப்படிப்பட்டதல்ல. ஒரு கல்யாண மண்டபத்தில், வாசலில் இடம் காலியாக இருந்தும், காவலர் விசிலடித்து என்னைப் பின்பக்கம், சமையல் சாமான் இறக்கும் இடத்துக்கு அனுப்பினார். எனக்குப் பின்னால் வந்த பெரிய வண்டி வாசலிலேயே நின்றது. அந்தக் காவலரிடம் எனக்குக் கோபமில்லை. அப்படிச் செய்யச் சொல்லி அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் உள்ளே பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். "பென்ஷன் நல்லாத்தானே வருது மாமா, ஏன் இந்தத் தீப்பெட்டி?" என்று கேட்டான் உறவுக்காரப் பையன் ஒருவன். அவன் வைத்திருந்த வண்டிக்கு இன்னும் அறுபது மாதத் தவணை பாக்கி. கடனில் வாங்கியது கௌரவம், கையில் இருந்த காசில் வாங்கியது கேவலம் என்றால் அந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை.

பாதுகாப்பு இல்லாத கார் என்ற குற்றச்சாட்டு இதைவிட முக்கியமானது. அதில் உண்மை உண்டு. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியக் கார்களை மோதவிட்டுப் பார்த்தபோது நானோவுக்கு ஒரு நட்சத்திரம் கூடக் கிடைக்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பூஜ்யம் வாங்கியது நானோ மட்டுமா? ஏர்பேக் இல்லாத ஆல்டோ, ஐ10, ஃபிகோ, அவ்வளவு ஏன், ஜெர்மன் பெயர் போட்ட போலோ கூட அதே பூஜ்யம்தான் வாங்கின. அவற்றை ஓட்டியவர்களை யாரும் "தீப்பெட்டியில் போகிறாயே" என்று கேட்கவில்லை. பூஜ்யம் எல்லோருக்கும் பொது, கேலி மட்டும் நானோவுக்கு!

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நானோ யாருக்காக வந்தது? பெரிய காரை விட்டு இறங்கி வருபவருக்காக அல்ல, ஸ்கூட்டரை விட்டு இறங்கி வருபவருக்காக. ஆகவே ஒப்பிட வேண்டியது ஸ்கூட்டரோடு. மத்திய அரசின் கணக்குப்படி 2022ல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் சுமார் 75 ஆயிரம் பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். அப்பா ஓட்ட, முன்னால் ஒரு குழந்தை நிற்க, பின்னால் அம்மா ஒரு பக்கமாக உட்கார்ந்து மடியில் இன்னொன்றை வைத்திருக்கும் காட்சியைத் தினமும் பார்க்கிறோம். அதைப் பார்த்து யாரும் பதறுவதில்லை. அதே குடும்பம் நாலு கதவு, கூரை, சீட் பெல்ட் உள்ள வண்டியில் ஏறினால் மட்டும் "ஐயோ, பாதுகாப்பில்லையே" என்று பதறுகிறார்கள். உயிர் மேல் அக்கறை என்றால் அது ஸ்கூட்டரில் இருக்கும் குழந்தையிடமிருந்து அல்லவா தொடங்க வேண்டும்?

கம்பெனியை நான் விட்டுவிடப் போவதில்லை. ஊரின் ஏளனம் பாதி என்றால் மீதிப் பாதி அங்கே இருக்கிறது. ஆரம்ப காலத்தில் சில நானோக்கள் தீப்பிடித்தன. பத்திரிகையில் படங்கள் வந்தன. 2010 நவம்பரில், கூடுதல் பாதுகாப்புச் சாமான்களை இலவசமாகப் பொருத்தித் தருகிறோம் என்றார்கள். ஆனால் குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைக்கிறோம் என்று சொல்ல வாய் வரவில்லை. அதே மாதத்தில் நாடு முழுக்க விற்றவை 509 கார்கள். சந்தேகம் வந்த வீட்டில் நேராகப் பேசுகிறவனைத்தான் நம்புவார்கள். இது விளம்பர வாசகத்தின் கோளாறா?

இன்னும் கேளுங்கள். பின்கதவு திறக்கிற நானோ வந்தது 2015ல். அதுவரை பின்சீட்டை மடக்கித்தான் மூட்டை வைக்க வேண்டும். பவர் ஸ்டியரிங் வந்தது 2014ல். பெட்ரோல் டேங்க் 15 லிட்டரிலிருந்து 24 லிட்டரானதும் 2015ல்தான். ஏர்பேக் கடைசிவரை வரவே இல்லை. ஓட்டியவர்கள் முதல் வருஷத்திலேயே கேட்டவை இவை. ஐந்தாறு வருஷம் கழித்துச் செய்தபோது விலையும் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தது, வாங்க நினைத்தவர்களும் போய்விட்டார்கள். ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கார் செய்யக் கட்டிய ஆலை, மிக நல்ல வருஷத்தில் கூட அதில் மூன்றில் ஒரு பங்கை விற்கவில்லை. 2018 ஜூனில் ஒரே ஒரு நானோ செய்தார்கள்.

அரசாங்கமும் கை கழுவ முடியாது. 2017ல் ஜி.எஸ்.டி. வந்தபோது சின்னக் காரை எந்தப் படியில் வைத்தார்கள்? ஏ.சி., டிஷ்வாஷர் இவற்றோடு 28 சதவீதத்தில். அந்தக் குடும்பம் ஏறிப் போகும் ஸ்கூட்டருக்கும் அதே 28. அதை 18 ஆகக் குறைக்க 2025 செப்டம்பர் வரை எட்டு வருஷம் ஆனது. குறைத்த பிறகும் மிகக் குறைந்த விலைப் புதுப் பெட்ரோல் காருக்கு ஷோரூம் விலையே சுமார் மூன்றரை லட்சம். அதற்கு மேல் வரி, இன்ஷூரன்ஸ். ஒரு லட்சத்துக்கு ஆசைப்பட்ட குடும்பம் இன்னும் ஸ்கூட்டரில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார். "எல்லோரும் கார் வாங்கினால் ரோடு என்னாவது?" நல்ல கேள்விதான். ஆனால் இதை ஏன் மூன்று மீட்டர் காரைப் பார்த்து மட்டும் கேட்கிறீர்கள்? நாலரை மீட்டர் வண்டியில் ஒற்றை ஆளாகக் காய்கறி வாங்கப் போகிறவரிடம் கேளுங்கள். அவர் அடைக்கும் இடத்தில் என் வண்டி நின்று, பக்கத்தில் இரண்டு ஸ்கூட்டரும் நிற்கும். ரோடு நிரம்பிவிட்டது என்ற ஞானம், ஏழை கார் வாங்க வரும்போது மட்டும் உதிக்கிறது. பஸ் நிறைய வரட்டும், நானும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குழந்தைக்கு ஜுரம் என்றால் எந்த பஸ் வீட்டு வாசலுக்கு வரும்?

வேறொருவர், "பழைய கார் வாங்கிக்கொள்ளட்டுமே" என்பார். வாங்கலாம். ஆனால் பழையதில் எது எப்போது போகும் என்று தெரியாது. பெரிய ரிப்பேர் ஒன்று வந்தால் தாங்குகிற குடும்பத்துக்கு அது சரி. மாதக் கடைசியில் நூறு ரூபாய்க்குக் கணக்குப் பார்க்கிற குடும்பத்துக்கு வேண்டியது நிச்சயம். கேரண்டியோடு வருகிற புது வண்டியின் மதிப்பு அங்கேதான்.

நானோ ஒரு மகத்தான கார் என்று நான் சாதிக்கவில்லை. குறை உள்ள, திருத்தியிருக்கக் கூடிய, நல்ல எண்ணத்தில் பிறந்த வண்டி அது. அதைத் திருத்தாமல் விட்டார்கள், சிரித்தே சாகடித்தார்கள். இதில் பெரிய நஷ்டம் கம்பெனிக்கு அல்ல, அதற்கு வேறு கார்கள் இருக்கின்றன. அந்தத் தோல்வியைக் காட்டி, "இந்த விலையில் கார் விற்காது, ஜனங்களுக்கு அது பிடிக்காது" என்று எல்லோரும் கணக்கை மூடிவிட்டார்களே, அதுதான் நஷ்டம். ஜனங்கள் அப்படிச் சொல்லவில்லை. வாங்க வந்த இரண்டு லட்சம் பேரின் பேச்சை யாரும் கேட்கவில்லை, வாங்காமல் சிரித்தவர்களின் பேச்சைத்தான் கேட்டார்கள்.

இனி ஒருநாள் யாராவது மறுபடியும் ஒரு சின்னக் காரை, சின்ன விலையில், ஏர்பேக்கும் பின்கதவும் முதல் நாளிலிருந்தே வைத்துக் கொண்டுவரக் கூடும். அப்போது அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீங்கள் ஓட்டிப் பார்த்தீர்களா?" இல்லை என்றால் அவரை மரியாதையாக உட்காரவைத்து, காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். பிறகு ஸ்கூட்டரில் நாலு பேராகப் போகிற வீட்டில் போய்க் கேளுங்கள். அந்தத் தீர்ப்பை எழுத வேண்டியவர்கள் அவர்கள்தான்.