அவ வேற என்னதான் செய்வா?

என் முதல் சிறுகதை ஒரு சிற்றிதழில் வந்தபோது அதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. டெல்டா வயல்களில் நாற்பது வருடம் நாற்று நட்ட கை. கதையின் நாயகியும் நடவுக்காரிதான். முதல் பத்தியில் அவளுக்குக் கொட்டாங்குச்சியில் தேநீர், இரண்டாம் பக்கத்தில் புருஷனுக்கு அடி, கடைசியில் கிணறு. படித்து முடித்து நிமிர்ந்தேன். அத்தை கண்ணைத் துடைத்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்திருந்தேன்.

"ஏந்தம்பி, இவ அழுவுறதத் தவிர வேற என்னதான் செய்வா? வெத்தல போட மாட்டாளா? ஒருத்தர ஏச மாட்டாளா?"

எனக்குக் கோபம் வந்தது. நம் வலியை எழுதினால் நம் வீட்டு ஆட்களுக்கே புரியவில்லையே என்று நினைத்தேன். புரியாமல் இருந்தது யாருக்கு என்பது தெரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின.

அந்த அத்தை ஒருமுறை பீரோ வாங்கியது. கண்ணாடி வைத்த இரும்பு பீரோ. மூன்று வருடம் சீட்டுக் கட்டிய பணம். உள்ளே வைக்க நாலு சேலையும் ரேஷன் கார்டும்தான் இருந்தன என்பது வேறு விஷயம். வண்டி ஊர் எல்லை வரை வந்துவிட்டது. பெரிய தெருவைத் தாண்டித்தான் எங்கள் தெருவுக்குள் நுழைய வேண்டும். யாரும் வந்து மறிக்கவில்லை. அத்தையே டிரைவரிடம், "இங்கயே எறக்கிடுங்க" என்றது. நான்கு பேர் வாய்க்கால் வரப்பில் பீரோவைத் தலைச்சுமையாகத் தூக்கி வந்தார்கள். ஒருவருக்குக் கால் வழுக்கி, கண்ணாடியின் கீழ்மூலையில் விரிசல் விழுந்தது. அவரை அத்தை திட்டிய திட்டு பெரிய தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

என் கதையில் இருந்த கொட்டாங்குச்சியைவிட இந்த பீரோவில் சாதி அதிகம் இருக்கிறது. காரணம் எளிமையானது. என் நாயகி எதற்கும் ஆசைப்படவில்லை, அடி வாங்குவதற்காகவே படைக்கப்பட்டவள். அத்தை ஒன்றுக்கு ஆசைப்பட்டது. ஆசைப்பட்டவர் நாலு அடி எடுத்து வைத்தால் போதும், சாதி எங்கே நிற்கிறது என்று தானாகத் தெரிந்துவிடும். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவலில் ஆரோக்கியத்துக்குத் தன் மகன் சாமியாராக வேண்டும் என்று ஓர் ஆசை. அந்த நாவல் மீது நம் பக்கத்திலிருந்தே கடும் விமர்சனங்கள் எழுந்தன, அவை பேசப்பட வேண்டியவையும்கூட. ஆனாலும் ஆரோக்கியம் மறக்க முடியாதவளாக நிற்பதற்கு அந்த ஆசைக்கும் பங்கு உண்டு. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யில் பண்ணையத்துக்கு விடப்பட்ட பிள்ளைகள் ஆடு மேய்த்தபடியே விளையாடித் தீர்க்கிறார்கள். அந்த விளையாட்டு இல்லாவிட்டால் அவர்களிடமிருந்து எது பறிபோகிறது என்பதே நமக்கு உறைக்காது.

இது ஒரு பாதி. ஒடுக்குகிறவனை எழுதுவதில்தான் நாம் இன்னும் மோசமாகச் சறுக்குகிறோம்.

அண்மையில் ஒரு கதைப் பட்டறைக்காக இளம் தோழர்கள் எழுதிய ஆணவக்கொலைக் கதைகளைப் படித்தேன். ஏறக்குறைய எல்லா அப்பாக்களும் குடிகாரர்கள். மீசை, உறுமல், சிவந்த கண். இப்படி எழுதினால் வாசகருக்கு நிம்மதிதான். தன் அப்பா குடிப்பதில்லை, உறுமுவதும் இல்லை, ஆகவே இது வேறு யாரோ வீட்டுக் கதை என்று மூடி வைத்துவிடலாம்.

பெரிய எழுத்தாளர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டதும் செங்கொடி பிடித்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். இந்தப் பின்னணியில் இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதில் பண்ணையாரின் கொடூரத்துக்குப் பின்னால் அவருடைய ஆண்மைக் குறைபாடு வைக்கப்பட்டிருந்தது. பாத்திரத்துக்கு உளவியல் ஆழம் வேண்டும் என்று நினைத்திருக்கலாம். ஆனால் நிலவுடைமையும் சாதியும் சேர்ந்து செய்த கொலை ஒரு மனிதரின் உடற்குறைக்குள் சுருங்கிப்போனது. அன்றைக்கே பலர் இதைக் கண்டித்தார்கள். அவருக்கு அந்தக் குறை இல்லாதிருந்தால் அந்த 44 பேர் பிழைத்திருப்பார்களா என்பதுதான் கேள்வி.

இதைவிட என்னை உறங்கவிடாத பாத்திரப் படைப்பு ஒன்று உண்டு. அதை எழுதியது நாவலாசிரியர் இல்லை. வெண்மணி வழக்கில் கீழ் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட நிலக்கிழார்களை விடுவித்த உயர் நீதிமன்றம், இவ்வளவு நிலமுள்ள பெரிய மனிதர்கள், அதிலும் ஒருவர் காரே வைத்திருப்பவர், தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படியாக இல்லை என்று கருதியது. யோசித்துப் பாருங்கள், இது நாம் கதைகளைப் பற்றிச் சொல்லும் அதே விமர்சனம்: 'இந்தப் பாத்திரம் இப்படிச் செய்யாது.' கார் வைத்திருப்பவன் கொளுத்த மாட்டான். நன்கு படித்தவன் கொல்ல மாட்டான். பாசமுள்ள அப்பா மகளைத் தொட மாட்டார். இந்த நம்பிக்கைகளை ஊட்டி வளர்த்ததில் நம் கதைகளுக்கும் சினிமாக்களுக்கும் பங்கில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆகவே இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கதையில் அப்பாவுக்கு ஒரு கெட்ட பழக்கமும் கொடுக்கவில்லை. மகளுக்கு இருமல் வந்தால் ராத்திரி எழுந்து பாலில் மஞ்சள் போட்டுக் காய்ச்சுகிறார். கல்லூரிக் கட்டணத்துக்கு நகையை அடகு வைக்கிறார். மகள் காதலிக்கும் பையனின் தெரு எதுவென்று தெரிந்த மறுநாளும் அதே குரலில்தான் பேசுகிறார். எழுதும்போது எனக்கே அவரைப் பிடித்துப்போகிறது. அதுதான் பயமாக இருக்கிறது. அந்தப் பையனுக்குத் தன் பைக்கை விற்றுவிட்டு வேறொன்று வாங்க ஆசை, அதைப் பற்றியே ஓயாமல் பேசுகிறான்.

போன வாரம் இதையும் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். வெற்றிலையை மென்றபடி கடைசிவரை கேட்டது. நல்லா இருக்கு, இல்லை என்று எதுவும் சொல்லவில்லை.

"அந்தப் பொண்ணோட அம்மா அன்னிக்கு ராத்திரி சோறாக்குனாளா தம்பி?"

அதை நான் யோசிக்கவே இல்லை. திரும்ப எழுத உட்கார்ந்திருக்கிறேன்.