பையன் மேல பழி போடாதீங்க!

"ஒரு சாக்ஸபோன் வாங்கணும் சார், எதை வாங்கலாம்?" என்று ஒருவர் கேட்டால், வீட்டில் பன்னிரண்டு வயசில் ஒரு பையனோ பெண்ணோ இருக்கிறது என்று அர்த்தம். அல்லது 'டூயட்' படத்தை மறுபடி பார்த்துத் தொலைத்திருக்கிறார் என்று அர்த்தம்! 1994-ல் வந்த அந்தப் படத்தில் வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பிரபு. மூச்சைக் கொடுத்தவர் கத்ரி கோபால்நாத். 2019-ல் அவர் காலமாகிவிட்டார். அவர் கிளப்பிவிட்ட ஆசை மட்டும் பல வீடுகளில் இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறது.

ஆசைப்படுங்கள், தப்பேயில்லை. ஆனால், கடைக்குள் நுழைந்ததும் கண்ணைக் கொஞ்சம் மூடிக்கொள்ளுங்கள். நகைக்கடை மாதிரி மின்னும். அந்த மினுமினுப்பு வெறும் மேல்பூச்சு. சத்தம் அதிலிருந்து வருவதில்லை!

முதலில் சைஸ். சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனார், பாரிடோன் என்று அண்ணன் தம்பிகள் உண்டு. புதுசாகக் கற்பவர்களுக்கு ஆல்ட்டோதான் சரி. கத்ரி வாசித்ததும் அதுதான். சுமார் இரண்டரை கிலோ. சின்னப் பிள்ளையின் கழுத்து தாங்கும், மூச்சும் எட்டும்.

அடுத்துதான் முக்கியமான சமாசாரம். இதன் உடம்பில் இருபதுக்கும் மேற்பட்ட துளைகள். ஒவ்வொன்றையும் தோல் போர்த்திய ஒரு பேட் மூட வேண்டும். அதில் ஒரே ஒரு பேட், முடியளவு விலகியிருந்தாலும் போச்சு! கீழ் ஸ்வரங்கள் வராது. வந்தாலும் வாய் கொப்பளிக்கிற மாதிரி வரும். பையன் இன்னும் பலமாக ஊதுவான், பல்லைக் கடிப்பான், கன்னம் வலிக்கும். மூன்றாம் மாதம் அப்பா தீர்ப்பு வழங்கிவிடுவார்: "இவனுக்கு சங்கீதமெல்லாம் வராதுடி!" வாத்தியம் பரணுக்குப் போகும். காற்று கசிந்தது பித்தளையில்; பழி பிள்ளை மேல். இது அநியாயமில்லையா?

அதனால் வாங்கும்போதே வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். எல்லாவற்றுக்கும் கீழே உள்ள ஸ்வரத்தை மெதுவாக ஊதச் சொல்லுங்கள். முக்காமல் முனகாமல் வந்தால் பாஸ். இன்னொரு பரீட்சை: இருட்டில், குழலுக்குள் ஒரு சின்ன பல்பை இறக்கி, சாவிகளை லேசாக அழுத்திப் பாருங்கள். மூடிய பேடின் ஓரத்தில் வெளிச்சம் கசிந்தால், அங்கே காற்றும் கசியும். பேர் தெரியாத புதுசைவிட, பேர் தெரிந்த கம்பெனியின் பழசை ரிப்பேர் பார்த்து வாங்குவது எவ்வளவோ மேல்.

பித்தளை உடம்பென்றாலும் உயிர் ரீடில் இருக்கிறது. நாயனத்துச் சீவாளிக்கு இரட்டை நாக்கு, இதற்கு ஒற்றை நாக்கு. இரண்டுமே நாணல் வகைதான். ஆரம்பத்தில் ஒன்றரை, இரண்டு நம்பர் ரீட் போதும். நாலைந்து வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள்.

பராமரிப்பு? பல் தேய்ப்பது மாதிரி, தினமும். வாசித்து முடித்ததும் ரீடைக் கழற்றித் துடைத்துத் தட்டையாக வையுங்கள். கயிறு கட்டிய துணியைக் குழலுக்குள் விட்டு இழுத்து ஈரத்தை எடுங்கள். கழுத்திலுள்ள கார்க்குக்கு அவ்வப்போது கொஞ்சம் கிரீஸ். மவுத்பீஸை வெந்நீரில் போடாதீர்கள், நிறம் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். பாத்திரம் தேய்க்கிற பாலிஷ் கூடவே கூடாது, மேல்பூச்சு உரிந்துவிடும். சர்க்கரை போட்ட காபி குடித்துவிட்டு உடனே ஊதினால் பேட் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். வாயைக் கொப்பளித்துவிட்டு உட்காரச் சொல்லுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பெட்டியை வைக்காதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் முறைக்கிறாரா? வாய்ப்பக்கம் துண்டை அடைத்துப் பிரயோஜனமில்லை. சத்தம் துளைகள் வழியாகவும் வருமே! வாசிக்கும் நேரத்தை அவரிடம் முன்னாலேயே பேசி வைத்துக்கொள்வதுதான் ஒரே வழி.

கடைசியாக ஒன்று. பல வாரமாகியும் கீழ் ஸ்வரம் வரவில்லையா? பையனைத் திட்டுவதற்கு முன்னால் வாத்தியாரிடம் கொடுத்து ஊதச் சொல்லுங்கள். அவருக்கு வந்துவிட்டால் பையனுக்கு இன்னும் ஆறு மாசம் டைம் கொடுங்கள். அவருக்கும் வரவில்லையென்றால் சாக்ஸபோனை ரிப்பேர்காரரிடம் கொடுத்துவிட்டு, பையனிடம் ஒரு 'சாரி' சொல்லிவிடுங்கள்!