பட்டத்தோடு தகுதியும் வேண்டும்!

பொறியியல் பட்டதாரி என்றால் யார்? நாலாண்டு கல்லூரிக்குச் சென்று, தேர்வு எழுதி, அங்கி அணிந்து பட்டச் சுருளைப் பெற்றவர் என்று சொல்லிவிடலாம். ஆனால், அவரிடம் இருக்கவேண்டிய தகுதிகள் எவை என்ற கேள்விக்குப் பல நாடுகள் ஒன்றுகூடி விடை கண்டிருக்கின்றன.

1989-ஆம் ஆண்டில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து ஆகிய ஆறு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் வாஷிங்டன் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. ஒரு நாட்டில் தரச்சான்று பெற்ற பொறியியல் படிப்பை மற்ற நாடுகளும் ஏற்கவேண்டும் என்பது அதன் சாரம். இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியம் 2014-இல் அதில் நிரந்தர உறுப்பாயிற்று.

பட்டதாரிக்குரிய பண்புகள் என்று ஒரு பட்டியலையும் இவ்வமைப்புகள் வகுத்தன. கணக்கும் விஞ்ஞானமும் தெரிந்தால் போதும் என்று அது சொல்லவில்லை. சிக்கலை ஆராய்ந்து தீர்வு காணும் திறன், பலரோடு கூடி வேலை செய்யும் பழக்கம், எண்ணியதைத் தெளிவாக எடுத்துச் சொல்லும் ஆற்றல், தன் வேலையால் சமுதாயத்துக்கு விளைவது என்ன என்று எண்ணிப் பார்க்கும் பொறுப்பு, தொழில் நேர்மை, வாழ்நாள் முழுதும் கற்கும் ஆர்வம் – இத்தனையும் வேண்டும் என்கிறது. நல்ல பட்டியல்! வரவேற்கிறோம்.

ஆனால், நாம் கேட்கிறோம்: இந்தப் பண்புகளைப் பிள்ளைகளுக்கு ஊட்டப்போவது யார்?

வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு இவற்றில் பாதி வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. ஆங்கிலம் வீட்டில் புழங்குகிறது. நாலு பேர் முன்னால் பேசக் கூச்சமில்லை. சந்தேகம் கேட்கப் படித்த மாமன் இருக்கிறார். மில் தொழிலாளியின் மகனுக்கு? சித்தாள் வேலைக்குச் செல்லும் தாயின் மகளுக்கு? அவர்களுக்குக் கல்லூரி ஒன்றே கதி! அங்கே கிடைக்காதது வேறெங்கும் கிடைக்காது. குடும்பத்தின் முதல் பட்டதாரிகளுக்கு 2010-11 முதல் தமிழ்நாட்டில் கல்விக் கட்டணச் சலுகை தரப்பட்டது. வாசற்கதவு திறந்தது, மகிழ்ச்சி. உள்ளே நுழைந்த பிள்ளைக்குக் கிடைப்பது என்ன?

பாடத்திட்டம் வகுப்பது பல்கலைக்கழகம். கேள்வித்தாள் தருவதும் அதுவே. இணைப்புக் கல்லூரி ஆசிரியரிடம் மிஞ்சுவது, குறித்த காலத்தில் பாடத்தை முடிக்கும் வேலை. பழைய கேள்வித்தாள்களைப் புரட்டி, உருப்போட்டு எழுதினால் தேர்ச்சி என்ற நிலை எத்தனை கல்லூரிகளில்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் வேலை கற்றவனை எப்படிச் சோதிக்கிறார்கள்? அரத்தையும் இரும்புத் துண்டையும் கையில் கொடுத்து, குறித்த அளவுக்கு அராவிப் பொருத்தச் சொல்கிறார்கள். அரத்தைப் பற்றிப் பத்து வரி எழுதினால் போதும் என்று விட்டுவிடுவதில்லை. தொழிலாளிக்கு வைக்கும் இந்த நியாயமான சோதனை எஞ்சினியருக்கு வேண்டாமோ?

இன்னொரு வேதனையும் உண்டு. வாரியம் கல்லூரிகளை இரண்டு அடுக்காகப் பிரித்தது. பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் முதல் அடுக்கு. இணைப்புக் கல்லூரிகள் இரண்டாம் அடுக்கு. வாஷிங்டன் ஒப்பந்தத்தின் பயன் முதல் அடுக்கில் சான்று பெற்ற படிப்புகளுக்கே என்று வகுக்கப்பட்டது. பாடத்தையும் தேர்வையும் வகுக்கும் உரிமை தன் கல்லூரிக்கு இல்லாமற்போனது அங்கே படிக்கும் பிள்ளையின் குற்றமா?

கூடிச் செய்தால் முடியும் என்பதற்குச் சான்று நம் கண்முன்னே இருக்கிறது. 2003-இல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. ஐ.ஐ.டி. பேராசிரியர் நடத்தும் பாடத்தைச் சிற்றூர்க் கல்லூரி மாணவனும் காசில்லாமல் பார்க்க வழி பிறந்தது. பாராட்டத்தக்க பணி! ஆயினும், திரையில் தோன்றும் பேராசிரியர் மாணவனின் பிழையைப் பக்கத்தில் நின்று திருத்த முடியாது. பேசத் திணறும் பிள்ளைக்குத் தைரியம் சொல்லவும் முடியாது. அதற்கு ஆசிரியர் வேண்டும். பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். பயிற்சி பெறுவதற்கு நேரமும், முறையான சம்பளமும் உள்ள ஆசிரியர் வேண்டும்.

எனவே, முதல் அடுக்கு நிறுவனங்கள் அண்டையிலுள்ள இணைப்புக் கல்லூரிகளோடு கைகோத்து நிற்கவேண்டும். தம் பேராசிரியர்களை அங்கே அனுப்பட்டும்; அங்குள்ள ஆசிரியர்களைத் தம்மிடம் வரவழைத்துப் பயிற்சி தரட்டும். ஆய்வுக்கூடங்களை எல்லோருக்கும் திறந்துவிடட்டும். இரு தரப்பு ஆசிரியர்களும் கூடியமர்ந்து, மனப்பாடத்தை அளக்காமல் திறமையை அளக்கும் கேள்வித்தாளை வகுக்கட்டும். அரசு அதற்குப் பணம் ஒதுக்கட்டும்.

தோழர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பிள்ளையின் கல்லூரிக்குச் செல்லும்போது, எத்தனை மார்க்கு என்று மட்டும் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். என்ன செய்யக் கற்றுக்கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணத்தைக் கட்டுகிறவருக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு!