காப்பி யந்திரமும் பூமித் தொடர்பும்

ஆருத்திரா தரிசனத்துக்கு மூன்று நாள் இருக்கையில் சிதம்பரத்திலிருந்து நமக்கு ஓர் அவசரச் செய்தி வந்தது. "கடலூரில் ஆறு மாதம் ஒழுங்காக ஓடிய காப்பி யந்திரம், இங்கே வந்ததும் வீட்டையே இருட்டாக்குகிறது. இவ்வூர் மின்சாரத்தில்தான் கோளாறு. உடனே புறப்பட்டு வரவும்." அனுப்பியவர் நமது பழைய சிநேகிதர். மின்சாரத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் இரண்டொரு முறை எழுதியதன் பலனை அநுபவிக்க வேண்டியதுதானே? புறப்பட்டோம்.

யந்திரம் சிநேகிதருடைய மாமியாரின் சொத்து. அம்மையார் வசிப்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில். ஜெர்மனியில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளை அனுப்பி வைத்த 'எஸ்பிரெஸோ' யந்திரம் அது. 1901-ல் மிலான் நகரத்து லூயிஜி பெஸ்ஸெரா காப்புரிமை கோரிய யந்திரத்தின் பேரப் பிள்ளை என்று சொல்லலாம். அவர் நீராவியின் பலத்தை நம்பினார். இக்காலத்து வீட்டு யந்திரத்தில் சிறு பம்பு ஒன்று, காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு அழுத்தத்துடன் வெந்நீரைப் பொடியினூடே தள்ளுகிறது. பித்தளை பில்டர் நிதானமாகச் சொட்டுச் சொட்டாய்ச் செய்வதை இது அரை நிமிஷத்தில் முடித்து விடுகிறது. ருசி எது உயர்த்தி என்னும் வழக்கில் நாம் சாட்சி சொல்வதாயில்லை.

சிதம்பரத்து வீட்டில் யந்திரத்தை மாட்டி ஸ்விட்சைப் போட்டோம். 'டக்' என்ற சப்தம். வீடு முழுவதும் இருள். மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் காவல் ஸ்விட்ச் தன் கடமையைச் செய்திருந்தது. "அந்தப் பாழும் ஸ்விட்சைக் கழற்றி எறிந்து விட்டால் சரியாய்ப் போகும்" என்றார் சிநேகிதர். "எறிவதற்கு முன்னால் ஒரு கேள்வி. கடலூரில் இருந்தபடியேதான் இங்கும் மாட்டினீர்களா?" என்று கேட்டோம்.

"இல்லை, இரண்டு உருண்டைக் கால் வைத்த பிளக் ஆடிக் கொண்டிருந்தது. அதை வெட்டிவிட்டு நல்ல மூன்று கால் பிளக் நானே போட்டேன்" என்றார், சற்றுப் பெருமையுடன்.

மர்மம் விளங்கிவிட்டது. ஐரோப்பிய பிளக்கின் பூமித் தொடர்பு, அதாவது 'எர்த்', பக்கவாட்டில் உள்ள உலோகப் பட்டைகளில் இருக்கிறது. இரண்டு கால்களும் நம் ஊர்த் துளைகளில் எப்படியோ புகுந்து விடும். மேலே உள்ள பெரிய துளை மட்டும் காலியாகவே நிற்கும். யந்திரம் ஜோராய் ஓடும். ஆனால் கசியும் மின்சாரத்துக்குப் பூமிக்குப் போக வழியிராது. வழி கிடைக்கும்வரை அது யந்திரத்தின் உலோக உடலில் காத்திருக்கும், யாராவது வந்து தொடட்டும் என்று! கடலூர் வீட்டிலோ 2011 டிசம்பரில் 'தானே' புயல் அடித்த பிறகு அவசரமாய்ச் சீர் செய்த வயரிங். காவல் ஸ்விட்சே கிடையாது.

பிளக்கைப் பிடுங்கி, யந்திரத்தை ஆறவிட்டு, தண்ணீரை வடித்த பிறகே திறந்தோம். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது; அது எந்தக் கம்பியைத் துண்டிக்கிறது என்பதற்கு உத்தரவாதமில்லை. உள்ளே இணைப்புகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. கடற்காற்றின் கைங்கரியம். சூடேற்றும் சுருளின் இரு முனைகளுக்கிடையே மீட்டரை வைத்தோம்: 44 ஓம். 230 வோல்ட்டில் 1200 வாட் சுருளுக்கு இது சரியான கணக்கு. சுருள் அறுந்திருந்தால் மீட்டர் எல்லையின்மையைக் காட்டியிருக்கும். அப்பொழுது விளக்கு எரியும், சூடு மட்டும் வராது. அதே வியாதி, ஒரே முறை உருகும் வெப்ப பியூஸ் போனாலும் வரும். அந்த பியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியைச் சுற்றுவோர் உண்டு. நாம் பார்த்திருக்கிறோம், அடுத்து எரிவது பியூஸ் அல்ல, சமையலறை.

பிறகு, சுருளிலிருந்து கம்பிகளைக் கழற்றி, முனைக்கும் உலோக உடலுக்கும் இடையே அளந்தோம். முடிவே இல்லாதபடி இருக்க வேண்டிய தடை வெறும் 5000 ஓம்! வகுத்துப் பாருங்கள்: 46 மில்லி ஆம்பியர் வரை கசியலாம். சுருளைச் சுற்றி மெக்னீஷியம் ஆக்ஸைடு என்னும் வெண்பொடியை இறுக அடைத்திருப்பார்கள். சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் முனையிலுள்ள அடைப்பு விரிந்தால் ஈரத்தை உறிஞ்சிக் கொள்ளும் துர்க்குணம் அதற்கு உண்டு.

"அம்மா, கடலூரில் இதைத் தொடும்போது ஏதாவது தெரிந்ததா?" என்று அம்மையாரைக் கேட்டோம்.

"கையில் விறுவிறு என்று இருக்கும், தம்பி. மிஷின் காப்பி என்றால் அப்படித்தான் என்று இருந்தேன்."

சிநேகிதரின் முகம் வெளுத்தது. மூட்டு வலிக்காக வைத்தியர் சொன்னதன் பேரில், ஆசாரத்தை விட்டு, சமையலறையிலும் ரப்பர்ச் செருப்பு அணிந்து வந்தார் அம்மையார். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையை வேறு விதமாக எழுத நேர்ந்திருக்கும்.

புது யந்திரம் வாங்கிவிடலாம் என்றார் சிநேகிதர். அந்நியச் சாமானோடு, பழுதானால் தூக்கி எறி என்ற உபதேசமும் இறக்குமதியாகிறது. அதையாவது துறைமுகத்திலேயே நிறுத்தக் கூடாதா? சுருள் கொதிகலத்தோடு வார்க்கப்பட்டிருந்ததால் கொதிகலத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. அது வந்து சேர மூன்று வாரம் பிடித்தது. கடலூர் வீட்டில் காவல் ஸ்விட்சும் புதிய பூமித் தொடர்பும் அதற்குள் போட்டாகிவிட்டன.

ஆருத்திராவுக்கு வந்த விருந்தாளிகளுக்குப் பித்தளை பில்டரில்தான் காப்பி. இரண்டாவது டம்ளர் கேட்டவர்களில் நாமும் ஒருவர்.